வெள்ளை மூடி

கடைகளிலிருந்து திரும்பி வந்த பெட்டிகள் ஒரு வாரமாகக் கூடத்திலேயே கிடந்தன. யாரும் அவற்றைப் பிரிக்கவில்லை. ஆனால் குளியலறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. சுற்றிப் போகும்போது மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது.

இன்று காலை மாமனார்தான் அதற்கு ஒரு முடிவு சொன்னார்.

"எல்லாத்தையும் இன்னைக்குக் கொட்டிடலாம்மா. பாட்டிலைக் கழுவி வெச்சா வேற எதுக்காவது ஆகும்."

"சரிங்க மாமா."

"உன் அலமாரியில இருக்குற எலுமிச்சை பாட்டில் ரெண்டையும் சேர்த்துக் கொட்டிடு. அந்த வாசனையே வீட்டுல வேணாம்."

அவள் தலையசைத்தாள். மூன்று வாரமாக இந்த வீட்டில் அவள் செய்துவரும் வேலை அது ஒன்றுதான்.

மற்றபடி அந்த வீட்டில் வேலை மூன்றாகப் பிரிந்திருந்தது. மாமனார் காய்ச்சுவார். பின்பக்கக் கொட்டகையில் இருக்கும் செப்புக் கொப்பரையில் பூவையும் வேரையும் பழத்தோலையும் போட்டு, நீராவி ஏற்றி, அந்த ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் இறக்குவது அவர் பொறுப்பு. அந்த எண்ணெய்களைக் கலந்து ஒரு வாசனையாகக் கட்டுவது மருமகளின் பொறுப்பு. கட்டியதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பது அவள் கணவனின் பொறுப்பு.

கணவனின் தங்கைக்கு இதில் ஒரு பொறுப்பும் கிடையாது. அவள் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். தரையில் இருந்ததைவிடத் தண்ணீரில் இருந்த நேரம் அதிகம் என்று அண்ணன் வைத்த பெயர், தவளை. அண்ணி எதைப் புதிதாகக் கலந்தாலும் முதல் ஆளாக அதைப் பூசிக்கொண்டு, "சூப்பர்" என்றோ, "அண்ணி, இது பல்பொடி" என்றோ தீர்ப்புச் சொல்வது அவள் வழக்கம்.

அந்த வழக்கம்தான் அவளைச் சுட்டது.

தலைமைப் பயிற்சியாளராக அவள் பொறுப்பேற்ற அன்று, புது வாசனையின் முதல் பாட்டிலை அண்ணிதான் கையில் கொடுத்தாள். தவளை கழுத்தின் இரண்டு பக்கமும் தாராளமாக அடித்துக்கொண்டு போய், உச்சி வெயிலில் குளத்தங்கரையில் நின்றாள். மாலையில் கழுத்து சிவந்தது. மறுநாள் கொப்புளம். கொப்புளம் ஆறிய பிறகு, காதுக்குக் கீழிருந்து காலர் எலும்பு வரை, திரவம் வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடுகள் நின்றுவிட்டன. மறைய மாதக்கணக்காகலாம், அதுவரை வெயில் படக்கூடாது என்றார் தோல் டாக்டர். தவளையைக் குளத்தங்கரையிலிருந்து டிக்கெட் கவுண்டருக்கு மாற்றினார்கள். கடைகளுக்குப் போயிருந்த அதே வாசனைப் பெட்டிகளைக் கணவன் திரும்ப வாங்கி வந்தான்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எலுமிச்சை ஏதாவது பட்டுச்சா?" என்பதுதான்.

எலுமிச்சைத் தோலிலிருந்து இரண்டு விதமாக எண்ணெய் எடுக்கலாம். ஒன்று, பிழிவது. பழத்தை உரிக்கும்போது கண்ணில் தெறிக்கிறதே, அதே எண்ணெய்தான். இன்னொன்று, காய்ச்சுவது. பழம் ஒன்றே என்றாலும் கிடைக்கிற எண்ணெய் ஒன்றல்ல. தோலில் கனமான பொருள் ஒன்று இருக்கிறது. நீராவிக்கு அதைத் தூக்கும் வலு இல்லை. அதனால் காய்ச்சும்போது அது கொப்பரையின் அடியிலேயே தங்கிவிடும். பிழியும்போது எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடும். நிழலில் இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. தோலில் இருக்கும்போது அதன்மேல் வெயில் விழுந்தால் சுடும்.

அதனால் பிழிந்த எண்ணெய், கழுவிவிடும் சோப்புக்கும் அறைக்குத் தெளிக்கும் வாசனைக்கும் மட்டும்; அதற்குச் சிவப்பு மூடி. உடம்பில் பூசுகிற எதற்கும் காய்ச்சியதுதான். அதற்கு வெள்ளை மூடி. இந்த விதியை இந்த வீட்டில் கொண்டுவந்ததே மருமகள்தான். அதற்குமேல் அவள் யாருக்கும் விளக்கியதில்லை. 'உடம்புக்கு ஆகாது' என்று சொன்னதோடு சரி.

ஆனால் வாசனையில் பிழிந்ததன் பக்கத்தில் காய்ச்சியது நிற்க முடியாது. சில மாதங்களுக்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "காய்ச்சினது வேகவெச்ச மாதிரி இருக்கு மாமா. பழத்தோட உயிரே போயிடுது."

அந்தப் பேச்சு இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. வாசனைக்கு ஆசைப்பட்டுச் சிவப்பு மூடியை எடுத்திருக்கிறாள் என்று தவளை முடிவு கட்டினாள். அன்றோடு அண்ணியிடம் பேச்சை நிறுத்தினாள். கணவன் மட்டும் இதமாகச் சொன்னான்: "தெரிஞ்சு பண்ணியிருக்க மாட்ட. கை தவறியிருக்கும்."

தங்கையின் கோபத்தைவிடக் கணவனின் அந்த இதம்தான் அவளை அதிகம் வருத்தியது. ஏனென்றால் அது உண்மையாக இருக்கலாம். இரண்டு பாட்டில்களும் அலமாரியில் தோளோடு தோள் உரசி நின்றன. அன்று கை எதை எடுத்தது என்று எப்படிச் சத்தியம் செய்வது?

முந்தாநாள் கணவன் கடலோர ஊருக்குக் கிளம்பும்போது, புதிதாகக் கலந்த உடம்பு எண்ணெயைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டான். நஷ்டத்தை அதை வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும்.

"இதாவது ஒழுங்கா இருக்குல்ல?"

"இதுக்கு வெள்ளை மூடிதான். ரெண்டு தடவை பார்த்துத்தான் ஊத்தினேன்."

"சரி விடு, அழாத."

அவள் அப்போது அழுதுகொண்டிருக்கவில்லை.

*

கலக்கும் அறை சின்னது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெடும் என்பதால் பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள். ஒரு தராசு, ஒரு கட்டு காகிதப் பட்டைகள். சில நாளாகத் திறக்காத அறையில் எல்லா வாசனையும் ஒன்றாகி, எதுவும் தனியாகத் தெரியாமல் தேங்கி நின்றது.

கொட்டுவதற்காக இரண்டு பாட்டில்களையும் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். கொட்டிவிட்டால் பிறகு என்றைக்குமே தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. அவள்தான் பயந்து அதைச் செய்யவில்லை.

காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டுக் காற்றில் வைத்தால் போதும். காய்ச்சிய எண்ணெய் ஆவியாகப் பிறந்தது, ஆவியாகவே போய்விடும். சில மணி நேரத்தில் காகிதம் புதிது போல ஆகிவிடும். பிழிந்த எண்ணெயில் பறப்பது பறந்துபோக, அந்தக் கனமான பொருள் மட்டும் போக வழியில்லாமல் தங்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வடை பொட்டலம் மாதிரி ஒரு வட்டம் தெரியும்.

மூன்று பட்டைகள் எடுத்தாள். சிவப்பு மூடியிலிருந்து ஒன்று. வெள்ளை மூடியிலிருந்து ஒன்று. போன வருடம் காய்ச்சியதில் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த பழைய பாட்டிலிலிருந்து ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க. பென்சிலால் 'சிவப்பு', 'வெள்ளை', 'பழசு' என்று எழுதி, திரையை விலக்கி, ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.

வெள்ளை சுத்தமாகக் காய்ந்துவிட்டால் பாட்டிலில் குற்றமில்லை. தன் கைதான் தவறியது. அப்படியானால் இந்த அறையைப் பூட்டிச் சாவியை மாமாவிடம் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். தன் கை எந்த பாட்டிலை எடுக்கிறது என்று தெரியாதவள், அடுத்தவர் உடம்புக்கு எதையும் கலக்கக் கூடாது.

வெள்ளைப் பட்டையின் வாசனை முகத்துக்கு எழுந்தது. இப்போதுதான் நகத்தால் கீறிய தோல் போல. இந்த பாட்டில் முதலில் கைக்கு வந்த அன்று, கொட்டகைக்கு ஓடிப்போய்ச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"மாமா, இந்தத் தடவை பிரமாதமா வந்திருக்கு! என்ன பண்ணீங்க?"

அவர் குளிர்குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "பழம் நல்ல பழம்."

*

கொல்லையில் நிழலான மூலையில் மாமனார் குழி வெட்டி வைத்திருந்தார். அவள் மூடியைத் திருகிக் கொடுக்க, அவர் வாங்கிக் கவிழ்த்தார்.

ஒரு வாசனையைக் கட்டும்போது எது முதலில் எழும், எது கடைசிவரை நிற்கும் என்று பார்த்துத்தான் கட்ட வேண்டும். லேசானவை சீக்கிரம் பறக்கும். கனமானவை மெதுவாக அசையும். கழுத்தில் பூசினால் ஒரு நாள் முழுக்க மெல்ல நடக்க வேண்டிய அந்த ஊர்வலம், இப்போது குழியில் மொத்தமாக நடந்தது. முதலில் எலுமிச்சை கிளம்பி வேலியைத் தாண்டிப் போனது. பிறகு ஆரஞ்சுப் பூ. அது கொஞ்சம் தயங்கி, ஈரத் துணிகள் காய்ந்த கொடியைச் சுற்றி நின்றது. கடைசியில் ஈர மண்ணோடு மண்ணாக வெட்டிவேர் மட்டும் கிடந்தது. ஆறு மாத உழைப்பு.

"அலமாரி பாட்டில் எங்கம்மா?"

"சாயங்காலம் கொட்டிடறேன் மாமா."

"இப்பவே கொண்டா. ஒரே வேலையா முடிஞ்சிடும்."

"கொஞ்ச நேரம் போகட்டும்."

"என்னத்துக்குக் கொஞ்ச நேரம்?"

அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. அவரும் அதை உணர்ந்தவர் போல மண்வெட்டியை எடுத்தார். "வெயில் ஏறுது, அதான் சொன்னேன்," என்றார். அவர்கள் நின்றது நிழலில்.

*

தவளை மதியம் தாண்டி வந்தாள். கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தாள், அண்ணியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து.

"அப்பா, இன்னைக்கு ஒரு வாண்டு டிக்கெட்டை வாங்கிட்டுக் கேக்குது, மிஸ், உங்க மேல யாரு டீ ஊத்தினாங்கன்னு. ஊத்தினவங்க வீட்டுலதான் இருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

மாமனார் தட்டில் கைவைத்தபடி இருந்தார்.

"தண்ணி எங்கன்னு அவங்களைக் கேளுங்கப்பா."

"பக்கத்துலயே இருக்கு, தவளை," என்றாள் மருமகள்.

"கண்ணு தெரியலன்னு சொல்லுங்கப்பா."

மருமகள் எழுந்து கலக்கும் அறைக்குப் போனாள். நேரம் ஆகியிருந்தது. ஜன்னல் கம்பியில் மூன்று பட்டைகளும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. அவள் உடனே பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டாள். தராசை நேராக வைத்தாள். பிறகு 'பழசு' என்ற பட்டையை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினாள். சுத்தமாக இருந்தது. 'சிவப்பு' நடுவில் மஞ்சளும் மெழுகுமாக ஒரு வட்டம்.

கடைசியாக 'வெள்ளை'யை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள்.

வட்டம் இருந்தது. சிவப்பு அளவுக்கு அழுத்தமாக இல்லை. பாதிதான். ஆனால் இருந்தது.

"என்னது? எனக்குப் போட்ட மாதிரியே பேப்பருக்கும் போட்டுவிட்டிருக்கீங்க?"

தவளை வாசலில் நின்றாள். மூன்று வாரத்தில் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. தனக்கே அது தெரிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மருமகள் பட்டையை அவளிடம் நீட்டினாள். "என்ன தெரியுதுன்னு நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்ட."

"எண்ணெய்க் கறை."

"மேல என்ன எழுதியிருக்கு?"

"வெள்ளை." தவளை நெற்றியைச் சுருக்கினாள். "வெள்ளை மூடின்னா நல்லதுதான?"

"நல்லதுன்னா இந்தப் பழசு மாதிரி காய்ஞ்சு போயிருக்கணும். இதுல பிழிஞ்சது கலந்திருக்கு. நான் சரியான பாட்டிலைத்தான் எடுத்திருக்கேன் தவளை. பாட்டிலுக்குள்ளதான் சரியில்ல."

தவளை பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது. தன்மேல் நின்ற கறையும் காகிதத்தில் நின்ற கறையும் ஒரே பொருள் என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பாட்டிலை ரொப்புறது யாரு?" என்று கேட்டாள். கேட்டு முடிக்கும்போதே பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கூடத்தில் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. மாமனார் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அறை வாசலுக்கு வந்தார். பட்டையைப் பார்த்தார். அது என்ன சோதனை என்று அவர் கேட்கவில்லை.

"பாதிக்குப் பாதிதான் கலந்தேன்," என்றார்.

அவர் பார்வை பட்டையிலேயே நின்றது.

"வேகவெச்ச மாதிரி இருக்குன்னு சொன்னியேம்மா. எத்தனையோ விதமாக் காய்ச்சிப் பார்த்தேன். தீயைக் குறைச்சேன், ஏத்தினேன், வரல. கொஞ்சம் பிழிஞ்சதைச் சேர்த்தா உனக்குப் பிடிக்கும்னு... நீ ஓடிவந்து நல்லாயிருக்குன்ன. அப்புறம் எப்படிச் சொல்றது? வெயில் பட்டா இப்படி ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"டாக்டர் சொன்னப்புறம் தெரியுமில்லப்பா?" தவளையின் குரல் மெதுவாக வந்தது. "மூணு வாரமா நான் அண்ணிகூடப் பேசல. தினமும் சுவத்தைப் பார்த்துக் குத்திக் குத்திப் பேசினேன். நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டுதான இருந்தீங்க?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு எல்லாத்தையும் கொட்டிட்டா முடிஞ்சிடும்னு நினைச்சேன்."

மருமகளுக்கு முதலில் வந்தது நிம்மதி. கை தவறவில்லை. மூக்கும் தவறவில்லை. அந்த எண்ணெயில் உயிர் இருக்கிறது என்று அன்று சொன்னது சரிதான். அந்த நிம்மதியோடு, எதிரே கூனி நின்றவரைப் பார்க்க, இதை இந்த மூன்று பேரோடு இப்படியே மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கணவனைப் பொறுத்தவரை தன் கை தவறியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். குழியில்தான் கொட்டியாயிற்றே.

எல்லாவற்றையும் கொட்டியாயிற்றா?

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள்.

"மாமா. அவர் எடுத்துட்டுப் போன உடம்பு எண்ணெய்."

"அது ஆரஞ்சுப் பூவாச்சேம்மா. நான் மோந்து பார்த்தேனே."

"அதுல எலுமிச்சை இருக்கு மாமா."

கலப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. சில எண்ணெய்களைத் தன் வாசனைக்காகச் சேர்ப்பதில்லை. ஆரஞ்சுப் பூவை அப்படியே விட்டால் சோம்பலாகப் படுத்துக்கொள்ளும். அடியில் எலுமிச்சை இருந்தால் எழுந்து உட்காரும். முகர்ந்தால் எலுமிச்சை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பூ நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எது எதில் இருக்கிறது என்பது கலந்தவளுக்குத்தான் தெரியும், எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது ரொப்பியவருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"அது கழுத்துல அடிக்குறது இல்ல," என்றாள் அவள். "உடம்பு முழுக்கத் தடவுறது."

மாமனார் வெளுத்துப்போனார்.

மருமகள் ஃபோனை எடுத்துவிட்டாள். எண்ணை அழுத்தப் போனவளின் முன்னால் ஒரு கை நீண்டது. செப்பைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் பச்சையேறிய கை.

"குடும்மா. நான் பேசறேன்."

"மாமா, நானே..."

"உன் வாயில இருந்து வந்தா நீ தப்பிக்கச் சொல்றன்னு நினைப்பான். குடு."

தவளை ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டானோ என்று இருந்த நேரத்தில் எடுத்தான். பின்னால் அலைச் சத்தம்.

"சொல்லு. இப்ப என்ன பண்ணி வெச்ச?"

மருமகள் தரையைப் பார்த்தாள். மாமனார் கண்ணை மூடித் திறந்தார்.

"அவ ஒண்ணும் பண்ணல. எல்லாம் பண்ணது நான்டா. வெள்ளை மூடியில பிழிஞ்ச எண்ணெயைக் கலந்தது நான். உன் தங்கச்சி கழுத்துக்கும் நான்தான் காரணம். வந்து என்ன கேக்கணுமோ கேளு. இப்ப அந்த உடம்பெண்ணெயை யாருக்கும் குடுக்காத. பெட்டியைப் பிரிக்காத."

"அப்பா." குரல் இறங்கியிருந்தது. "விடுதிக்காரர் காலையிலயே வாங்கிட்டாரே. கடல்ல குளிக்க வர்றவங்க எடுத்துப் பூசிக்கட்டும்னு வாசல்லயே மேசை போட்டு வெச்சிருக்காரு. நல்லா ஓடுதுன்னு இன்னும் ரெண்டு பெட்டி கேட்டாரு."

அவன் பேச்சுக்குப் பின்னால், அலையை மீறிக்கொண்டு இன்னொரு சத்தம் வந்தது. தவளைக்குப் பழக்கமான சத்தம். தண்ணீரைக் கண்டதும் பிள்ளைகள் போடும் கூச்சல்.

அவள் குனிந்து ஃபோனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். கழுத்து ஸ்கார்ஃப் அவிழ்ந்து தொங்கியது.

"அண்ணா, அங்க வெயில் அடிக்குதா?"

"அடிக்குதாவா? மண்டையைப் பொளக்குது."